சுவக்கீன் பள்ளத்தாக்குக் காசு

டாலர் என்ற சொல்லுக்குள் காசு இல்லை, வெள்ளி இல்லை, விலை, மதிப்பு, எடை என்று பொருள்தரும் எந்த உறுப்பும் இல்லை. வேர்வரை தோண்டிப் பார்த்தால் கிடைப்பவை ஒரு பள்ளத்தாக்கும், 'அந்த இடத்தைச் சேர்ந்தது' என்று காட்டும் ஒரு விகுதியும்தான். எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லும் முன்பகுதி ஐந்நூறு ஆண்டுப் பயணத்தில் உதிர்ந்துவிட்டது. முழுச் சொல் யோவாகிம்ஸ்தாலர். சொல்லோடு சொல்லை ஒட்டித் தொகை கட்டுவதில் ஜெர்மன் பேர்போன மொழி. அப்படிக் கட்டிய ஒரு சொல் வணிகரோடு நாடு நாடாகப் போய், போன இடமெல்லாம் உடைந்தது. எந்த மொழி எந்தத் துண்டை எடுத்துக்கொண்டது என்று பார்த்தால், அந்த மக்கள் அந்தக் காசை எப்படிக் கண்டார்கள் என்பதும் தெரிகிறது. இந்தச் சொல்லின் மேல் எனக்குள்ள ஈர்ப்புக்கு அதுவே காரணம்.

இன்றைய செக் நாட்டின் வடமேற்கு ஓரத்தில், ஜெர்மனியின் சாக்சனி மாநில எல்லையை ஒட்டி ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. ஜெர்மானியர் அதை எர்ட்ஸ்கெபிர்கே என்பார்கள்: எர்ட்ஸ் என்றால் தாது, கெபிர்கே என்றால் மலைத்தொடர். பெயரிலேயே தொழிலைச் சொல்லிவிடும் மலை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தெற்குச் சரிவில், கைவிடப்பட்டுக் கிடந்த கான்ராட்ஸ்க்ரூன் என்ற சிற்றூருக்கருகே வெள்ளித்தாது தென்பட்டது. அந்தப் பகுதி அப்போது பொஹிமிய அரசுக்குள் இருந்தது. நிலம் ஷ்லிக் என்ற பிரபுக் குடும்பத்தின் கையில். ஸ்டெஃபான் ஷ்லிக் 1516-இல் அங்கே ஒரு சுரங்க ஊரை நிறுவினார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் சுரங்கத் தொழிலாளர் வந்து குவிந்தனர். 1530-களில் ஊரின் மக்கள்தொகை சுமார் 18,000. பொஹிமியாவில் பிராகாவுக்கு அடுத்த பெரிய நகரம் அதுதான் என்று சொல்லும் அளவுக்கு இருபதே ஆண்டில் வளர்ந்த ஊர்.

புதிய ஊருக்கு வைத்த பெயர் சாங்க்ட் யோவாகிம்ஸ்தால், அதாவது புனித யோவாகிமின் பள்ளத்தாக்கு. இந்தப் புனிதரைத் தமிழ்க் கத்தோலிக்கர் சுவக்கீன் என்பார்கள். போர்த்துகீசிய உச்சரிப்பு வழியாக நமக்கு வந்த வடிவம் அது. எபிரெய மூலம் 'கடவுள் நிலைநிறுத்துவார்' என்ற பொருளுடைய வாக்கியப் பெயர். தமிழ் விவிலியத்தில் யூதாவின் அரசர்களில் ஒருவராக வரும் யோயாக்கீமின் பெயரும் இதுவே. ஆனால் ஊர்ப் பெயரிலுள்ள யோவாகிம் அந்த அரசன் அல்ல. மரியாளின் தந்தை, அன்னாவின் கணவர். விவிலியத்தின் நான்கு நற்செய்திகளிலும் இவர் பெயர் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருச்சபை விவிலியத்தில் சேர்க்காத ஒரு நூலிலிருந்து மரபுக்குள் நுழைந்தவர்.

அந்த மலையில் இந்தப் பெயரை வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லைக்கு வடக்கே, சாக்சனிப் பக்கம், 1496-இல் தோன்றிய வெள்ளிச் சுரங்க நகரம் அன்னாபெர்க், அதாவது அன்னாவின் மலை. சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதை அன்னா. செம்புச் சுரங்கத்தால் பிழைத்த குடும்பத்தில் பிறந்த மார்ட்டின் லூத்தர், 1505-இல் இடிமின்னலில் சிக்கி உயிருக்கு அஞ்சியபோது கூவி அழைத்ததும் அவரைத்தான். அன்னாவுக்கு ஓர் ஊர் இருக்கும்போது அவர் கணவருக்கும் ஓர் ஊர் வேண்டாமா? 1521-இல் சாக்சனியில் மரியென்பெர்க் என்று மகளுக்கும் ஓர் ஊர் எழுந்தது. தாயும் மகளும் ஓர் அரசின் எல்லைக்குள், தந்தை அடுத்த அரசின் எல்லைக்குள் என்று ஒரு குடும்பம் மலையின் இருபுறமும் குடியேறியது. வெள்ளி கிடைத்த இடத்துக்கெல்லாம் புனிதரின் பெயரை வைப்பது பக்தி மட்டுமல்ல. மண்ணுக்குள் உயிரைப் பணயம் வைத்து இறங்குபவர்கள் அந்தப் பெயரில் ஒரு காவலைத் தேடினார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சொல்லைப் பிரிப்போம். யோவாகிம் என்பதும் தால் என்பதும் நிலைச்சொற்கள். நடுவில் நிற்கும் 'ஸ்' ஆறாம் வேற்றுமை உருபின் எச்சம். யோவாகிமினுடைய என்ற பொருளைத் தந்து, இரண்டு சொற்களையும் ஒட்டும் பசையாகவும் ஆகிவிட்டது. தால் என்றால் பள்ளத்தாக்கு. கடைசியில் வரும் 'அர்' ஓர் இடத்தைச் சேர்ந்தவரையோ பொருளையோ குறிக்கும் விகுதி. வியன்னா ஊராருக்கு அந்த நகரின் ஜெர்மன் பெயரிலிருந்து வீனர், ஹாம்புர்க் ஊராருக்கு ஹாம்புர்கர். நம்முடைய மதுரையான், நெல்லையான் போன்ற ஆக்கம். ஆக, தொகைச்சொல்லான ஊர்ப்பெயரின் மேல் விகுதி ஏறிய வடிவமே யோவாகிம்ஸ்தாலர்.

தால் மிகப் பழைய சொல். ஆங்கிலத்தில் டேல், டச்சில் தல், கோதிக்கில் தல் என்று ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதும் உறவு வைத்திருப்பது. ரஷ்ய மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் தொலீனாவும் தூரத்துச் சொந்தம். இங்கே ஒலி வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்து அதைக் காட்டாது. ஜெர்மன் தாலின் முதலெழுத்து 'பத்து' என்பதில் ஒலிக்கும் தகரம்; டச்சு தலின் முதலெழுத்து 'பந்து' என்பதில் ஒலிக்கும் தகரம். பழைய ஜெர்மானிய மொழியில் எல்லாருக்கும் 'பந்து' ஒலிதான் இருந்தது. தெற்கே மலைநாட்டு ஜெர்மன் பேசியவர்கள் மட்டும் ஒரு காலத்தில் அதை 'பத்து' ஒலியாக வன்மைப்படுத்திவிட்டார்கள். வடக்கே கடற்கரைச் சமவெளியில் இருந்தவர்களும் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பழைய ஒலியையே வைத்துக்கொண்டார்கள். டாலரின் முதலெழுத்து ஏன் இன்று இருப்பதுபோல் இருக்கிறது என்பதற்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

பழைய ஜெர்மன் எழுத்தில் தாலின் தகரத்துக்குப் பின்னால் ஒலிக்காத ஹகரம் ஒன்றும் நின்றது. 1901-இல் பெர்லினில் கூடிய எழுத்துச் சீர்திருத்த மாநாடு அதை நீக்கியது. அதற்கு முன்பே அறிவியல் பெயராகப் பதிவாகிவிட்டதால் ஓர் இடத்தில் அந்த ஹகரம் இன்றும் உயிரோடு இருக்கிறது: நியாண்டர்தால் மனித இனத்தின் லத்தீன் பெயரில். 1856-இல் டுஸ்ஸல்டார்ஃப் அருகே எலும்புகள் கிடைத்த பள்ளத்தாக்குக்கு, 17-ஆம் நூற்றாண்டில் பக்திப் பாடல்கள் எழுதிய நியாண்டர் என்பவரின் பெயரை வைத்திருந்தார்கள். அவருடைய முதற்பெயர் யோவாகிம்! உலகம் முழுக்க அறிந்த இரண்டு தால்களும் இரண்டு யோவாகிம்களுடையவை. தற்செயல்தான், ஆனாலும் அகராதியைப் புரட்டும்போது இப்படிப்பட்ட சந்திப்புகள் தரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

இனி காசு. 15-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவின் பெரிய வணிகம் தங்கக் காசில் நடந்தது. வெள்ளிக் காசுகள் சிறியவை, மெல்லியவை, கலப்படம் மிகுந்தவை. தங்கம் அரிது, மலைகளிலோ வெள்ளி பெருகத் தொடங்கியிருந்தது. 1486-இல் டிரோல் பகுதியின் ஹால் நகரில் ஆர்ச்டியூக் சிகிஸ்முண்ட் ஒரு புதுமை செய்தார். ஒரு தங்க குல்டனின் மதிப்புக்கு நிகரான கனமான வெள்ளிக் காசை அடித்தார். அந்த வகைக்கு குல்டன்க்ரோஷன் என்று பெயர் வந்தது. அதுவும் தொகைச்சொல்லே. குல்டன் என்றால் பொன்னாலானது; க்ரோஷன் என்றால் தடித்தது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த வெள்ளிக் காசின் பெயர். பொன் மதிப்புள்ள வெள்ளி என்ற பொருளில் வணிகர் புழங்கிய சொல்.

ஷ்லிக் குடும்பத்துக்கு 1520 ஜனவரியில் பொஹிமிய மன்றம் நாணயம் அடிக்க அனுமதி தந்தது. பள்ளத்தாக்கில் வெட்டிய வெள்ளியைப் பள்ளத்தாக்கிலேயே காசாக்கினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 29 கிராம். ஒரு பக்கம் ஷ்லிக் குடும்பச் சின்னத்தோடு நிற்கும் புனித யோவாகிம். மறுபக்கம் பொஹிமியச் சிங்கமும் அரசன் லூயியின் பெயரும். இதுவும் குல்டன்க்ரோஷன் வகையே. ஆனால் மற்ற ஊர்களின் காசுகள் பல பெருமைக்கு அடித்த சிலவாக நின்றபோது, யோவாகிம்ஸ்தாலிலிருந்து வந்தவை லட்சக்கணக்கில் லைப்சிக் சந்தையில் கொட்டின. கையில் கிடைத்த பெரிய காசெல்லாம் அந்த ஊருடையதாகவே இருந்ததால், யோவாகிம்ஸ்தாலர் குல்டன்க்ரோஷன் என்ற முழுப்பெயரின் பின்பாதி தேவையற்றுப் போயிற்று. 'காஞ்சிபுரம் கட்டினாள்' என்றால் புடவையை நாம் தனியே சொல்வதில்லையே, அதே இடவாகுபெயர். முதல் உடைவு இப்படி ஊருக்கு அருகிலேயே நடந்தது: காசைக் குறித்த சொல் விழுந்து, ஊரைக் குறித்த சொல் நின்றது.

காசை அடித்தவர்களின் கதை நீளவில்லை. 1526 ஆகஸ்டில் உதுமானியப் படைக்கு எதிரான மொஹாச் போரில் அரசன் லூயி மடிந்தான். ஸ்டெஃபான் ஷ்லிக்கும் அந்தக் களத்திலிருந்து திரும்பவில்லை. அரியணைக்கு வந்த ஹாப்ஸ்பர்க் ஃபெர்டினாண்ட் 1528-இல் நாணயம் அடிக்கும் உரிமையை அந்தக் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டார். எட்டே ஆண்டுகள். காசின் பெயரை அழிக்க அது தாமதமான நடவடிக்கை. யோவாகிமின் உருவம் இல்லாத, வேறு ஊர்களில் அடித்த, அதே எடையுள்ள காசுகளையும் மக்கள் அப்படித்தான் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். பெயர் நீளம், பேச்சில் அது தாங்காது. முன்பாதி கழன்று தாலர் நின்றது. 1566-இல் புனித ரோமப் பேரரசு முழுவதற்கும் பொதுவான காசு ஏற்பட்டபோது அதன் பெயர் ரைக்ஸ்தாலர், பேரரசின் தாலர். கழன்ற தலைக்குப் பதில் வாலில் புதுத்தலை முளைத்தது. எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்ன சொல், இனி எவ்வளவு எடை என்பதைச் சொல்லும் சொல்லாயிற்று.

ரஷ்யாவில் நடந்தது நேர்மாறு. அங்கே வெள்ளிச் சுரங்கம் இல்லாத காலம். மேற்கிலிருந்து வந்த தாலர்களே அரசுக்கு வெள்ளி மூலம். ரஷ்யர்கள் எடுத்துக்கொண்டது சொல்லின் தலையை. யோவாகிம் ரஷ்ய நாவில் யெஃபீம் என்று திரிந்தது. காசு யெஃபீமொக் ஆயிற்று. 1655-இல் ஜார் அலெக்ஸேய் காலத்தில் இந்த அயல்காசுகளில் ரஷ்ய முத்திரை குத்தி 64 கோப்பெக் மதிப்பில் புழக்கத்துக்கு விட்டார்கள். காசின் மேல் எந்த மன்னன் உருவம் இருந்தாலும் அவர்களுக்கு அது யெஃபீமொக்தான். பள்ளத்தாக்கு என்ற ஜெர்மன் சொல் ரஷ்யக் காதுக்கு எதையும் சொல்லவில்லை. புனிதரின் பெயரோ தேவாலய நாட்காட்டியில் உள்ளது, ஊருக்கு நாலு பேருக்கு வைத்திருப்பது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டார்கள்.

வடகடல் கரையில் இருந்தவர்களுக்கு பள்ளத்தாக்கு தெரிந்த சொல். தால் என்று தெற்கத்தியான் சொல்வதும் தங்கள் ஊரில் தல் என்பதும் ஒன்றே என்று அவர்களின் நாக்குக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தாழ்நில ஜெர்மன் பேசியவர்கள் காசின் பெயரில் 'பத்து' தகரத்தை 'பந்து' தகரமாக மாற்றிக்கொண்டார்கள். கடன் வாங்கும்போதே தங்கள் ஒலிமரபுக்குள் கொண்டுவந்தார்கள். டேனியர்களும் சுவீடர்களும் தாலெர் என்றே மென்மையாகச் சொன்னார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் பழக்கப்படி லகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே ஓர் ஒலியைச் செருகி தால்தர் என்றார்கள். தெற்கே இத்தாலியில் தாலெரோ, கிழக்கே போலந்தில் தாலர், செக் நாட்டில் தொலர். அங்கெல்லாம் வன்மையான ஒலி அப்படியே நின்றது. ஒரு காசின் பெயரில் உள்ள முதல் ஒலியைக் கேட்டாலே அது எந்த வாசல் வழியாக அந்த நாட்டுக்குள் வந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்துக்கு அது வடகடல் வாசல் வழியாக வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆங்கில எழுத்துகளில் இந்தச் சொல் தென்படுகிறது. அகரம் ஒகரத்தின் பக்கம் சாய்ந்து டாலர் ஆனது. 1606 வாக்கில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் தோற்றுப்போன நார்வே மன்னன் பத்தாயிரம் டாலர் கட்டிய பிறகே தன் வீரர்களைப் புதைக்க அனுமதி பெறுகிறான். கதை நடப்பது 11-ஆம் நூற்றாண்டில். அந்தக் காசு பிறக்க இன்னும் நானூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. ஷேக்ஸ்பியரின் பார்வையாளருக்கு டாலர் என்றால் அயல்நாட்டுக் கனத்த வெள்ளிக் காசு என்று உடனே புரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டச்சுக்காரர்கள் 1575 முதல் அடித்த ஒரு தால்தரில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் இருந்தது. பெயர் லேவன்தால்தர், சிங்கத் தாலர். கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் அது பெருவாரியாகப் புழங்கியது. சிங்கத்தின் அச்சு அவ்வளவு தெளிவாக இல்லாததால் அரபு மக்கள் 'அபு கல்ப்' என்றார்கள்: நாய்க்காசு. அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நாய் டாலர் என்ற பெயர் இருந்தது. ருமேனியாவின் லெயு, பல்கேரியாவின் லெவ் இரண்டுக்கும் சிங்கம் என்றே பொருள். அவையும் இந்தக் காசின் வழிவந்தவை. பள்ளத்தாக்கையும் புனிதரையும் விட்டுவிட்டு, உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட மொழிகள் இவை.

அமெரிக்காவுக்கு டாலர் போன வழியைப் பலரும் நேராக ஜெர்மனியிலிருந்து போனதாகச் சொல்வார்கள். சொல் போனது அந்த வழி அல்ல. 1545-இல் இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசியில் வெள்ளி மலை கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பானியர் அங்கும் மெக்சிகோவிலும் அடித்த எட்டு ரியால் காசு 27 கிராம் எடையில் தாலருக்கு அண்ணன் தம்பிபோல் இருந்ததால், ஆங்கிலேயர்கள் அதையும் டாலர் என்றே அழைத்தார்கள். காசு ஸ்பானியருடையது, பெயர் ஜெர்மானியருடையது, அழைத்தவர்கள் ஆங்கிலேயர். அமெரிக்கக் குடியேற்றங்களில் பிரிட்டிஷ் பவுண்டு கணக்கில் மட்டும்; கையில் புரண்டது ஸ்பானிய டாலர். நாட்டுக்கென்று பண அலகு வேண்டும் என்ற விவாதத்தில் தாமஸ் ஜெஃபர்சன் 1784-இல் டாலருக்காக வாதாடியதும், மக்கள் ஏற்கெனவே அறிந்த காசு என்ற காரணத்தை முன்வைத்துத்தான். 1785 ஜூலையில் காங்கிரஸ் ஏற்றது. 1792 ஏப்ரலில் நாணயச் சட்டம் வந்தது. ஸ்பானிய டாலரே 1857 வரை அங்கே சட்டபூர்வமாகச் செல்லுபடியானது.

அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசுக்கு நிக்கல் என்ற பேச்சுப் பெயர் உண்டு. அதுவும் இதே எர்ட்ஸ்கெபிர்கே மலையிலிருந்து போனது. செம்புபோல் தோன்றி, உருக்கினால் செம்பு தராமல் ஏமாற்றிய தாதுவைச் சுரங்கத் தொழிலாளர் குப்ஃபர்நிக்கல் என்று திட்டினார்கள். குப்ஃபர் என்றால் செம்பு; நிக்கல் என்பது நிக்கோலாஸ் என்ற பெயரின் கொச்சை, குறும்புப் பூதத்துக்கு வைத்தது. சுவீடனின் வேதியியலாளர் க்ரோன்ஸ்டெட் 18-ஆம் நூற்றாண்டில் அந்தத் தாதுவிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்தபோது பெயரின் முன்பாதியை விட்டு நிக்கலை வைத்துக்கொண்டார். ஒரே மலையில் பிறந்த இரண்டு தொகைச்சொற்கள், இரண்டும் தலை இழந்து, இரண்டும் ஒரே நாட்டின் சட்டைப்பையில்.

ஸ்பானிய வெள்ளி டாலர் கிழக்காசியாவுக்கும் வந்தது. சீனர்கள் அதன் வட்ட வடிவத்தைப் பார்த்தார்கள். யுவான், யென் இரண்டுக்கும் மூலச்சொல் வட்டம் என்ற பொருளுடையது. மலாய் மக்கள் விரலால் தடவி விளிம்பின் பற்களை உணர்ந்தார்கள்; ரிங்கிட் என்றால் பல்பல்லாக இருப்பது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்கள் உலோகத்தைப் பார்த்தார்கள். சிங்கப்பூர்த் தமிழில் டாலர் இன்றும் வெள்ளிதான். பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்று அங்கே பேச்சிலும் செய்தித்தாளிலும் சரளமாக வருகிறது. தாள் பணத்தையும் வெள்ளி என்று சொல்வதில் யாருக்கும் நெருடல் இல்லை. எனக்கு இந்த வழக்கின் மேல் பெருமதிப்பு உண்டு. யோவாகிம்ஸ்தாலர் என்ற பெயரின் எந்தப் பகுதியும் சொல்லாத ஒன்றை, அந்தக் காசு எதனால் ஆனது என்பதை, இந்தப் பெயர் சொல்கிறது.

எத்தியோப்பியர்களும் அதையே செய்தார்கள். ஆஸ்திரியாவின் பேரரசி மரியா தெரசாவின் உருவம் பதித்த தாலர் காப்பி வணிகத்தோடு செங்கடல் கரைகளுக்குப் போய், அங்கே அசைக்க முடியாத நம்பிக்கையைப் பெற்றது. பேரரசி 1780-இல் காலமானார். அந்த ஆண்டு அச்சிட்ட உருவத்தையும் எழுத்தையும் தவிர வேறு எதையும் அரபு வணிகரும் எத்தியோப்பியரும் ஏற்கவில்லை. ஆகவே அதற்குப் பிறகு அடித்த ஒவ்வொரு காசிலும் ஆண்டு 1780 என்றே இருக்கிறது. எடை 28.07 கிராம், ஆறில் ஐந்து பங்கு தூய வெள்ளி. வியன்னா, வெனிஸ், ரோம், லண்டன் என்று பல நாணயச்சாலைகள் அதை அடித்தன. இரண்டாம் உலகப் போரில் எத்தியோப்பியாவில் இத்தாலியரை எதிர்த்துப் பிரிட்டிஷ் படை போரிட்டபோது செலவுக்கு வேண்டிய தாலர்களைப் பம்பாய் நாணயச்சாலை அடித்துக் கொடுத்தது. செத்து நூற்றறுபது ஆண்டான பேரரசியின் முகம், இறந்த ஆண்டின் தேதியோடு, பம்பாயில். எத்தியோப்பியர் அந்தக் காசுக்கு வைத்த பெயர் பிர். பிர் என்றால் அம்ஹாரிக் மொழியில் வெள்ளி. அவர்கள் நாட்டுப் பணத்தின் பெயர் இன்றும் அதுவே. ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் பெண்கள் இந்தக் காசுகளுக்கு வளையம் வைத்துக் கழுத்தணியில் கோத்தார்கள். நம் நகைக்கடைகளில் சங்கிலியின் நடுவில் தொங்கும் பதக்கத்துக்கு டாலர் என்று பெயர் வழங்குவதை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழர் இந்தச் சொல்லின் குடும்பத்தை அமெரிக்க டாலர் பிறப்பதற்கு முன்பே அறிவார்கள். 1658 முதல் 1796 வரை டச்சு ஆட்சியில் இருந்த இலங்கைக் கடலோரப் பகுதிகளில் கணக்கெழுதிய அலகு ரைக்ஸ்தால்தர், பேரரசின் தாலருக்கு டச்சு வடிவம். பிரிட்டிஷார் வந்த பிறகும் 1820-கள் வரை அது நீடித்தது. ஊர்க் காணி ஒன்றின் விலையை ஒரு பொஹிமியப் பள்ளத்தாக்கின் பெயரால் எழுதிய காலம் இருந்தது.

ஜெர்மனியில் தாலர் பட்ட பாடு சுருக்கமானது. 1873-இல் மார்க் வந்தபோது ஒரு தாலர் மூன்று மார்க் என்று கணக்கிட்டார்கள். பழைய காசுகள் 1907 வரை செல்லுபடியாயின. அதன்பின் மூன்று மார்க் காசையே மக்கள் தாலர் என்று அழைத்தார்கள். கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் உள்ள ஷ்டெர்ன்தாலர் கதையில் ஏழைச் சிறுமியின் மேல் விண்மீன்கள் காசாகப் பொழிகின்றன. அந்தக் கதையால் தாலர் இன்றும் ஜெர்மன் குழந்தைகளுக்குத் தெரியும். ஸ்லோவேனியா 1991-இல் விடுதலை அடைந்ததும் தன் பணத்துக்கு தொலர் என்று பெயர் வைத்தது. 2007 தொடக்கத்தில் யூரோவுக்கு மாறியது. பசிபிக்கில் சமோவா நாட்டுப் பணம் தாலா.

பெயர் ஊரைவிட்டுப் போன கதை இவ்வளவு. ஊருக்கு என்ன ஆயிற்று?

அதன் புகழ்க்காலத்தில், 1527-இல், ஊர் மருத்துவராக வந்தவர் கியோர்க் பாவர். பாவர் என்றால் உழவர். லத்தீனில் மொழிபெயர்த்துக்கொண்டு அக்ரிகோலா ஆனவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் சுரங்கங்களையும் உலைகளையும் சுற்றிப் பார்த்தார். அவர் இறந்த மறுவருடம், 1556-இல், வெளிவந்த உலோகவியல் பெருநூலுக்கு விதை யோவாகிம்ஸ்தாலில் விழுந்தது. அதை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு 1912-இல் கொண்டுவந்தவர்கள் ஒரு சுரங்கப் பொறியாளரும் அவர் மனைவியும்: ஹெர்பர்ட் ஹூவர், லூ ஹூவர். அந்தப் பொறியாளர் 1929-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். டாலர் பிறந்த ஊரின் மருத்துவர் எழுதியதை டாலர் நாட்டின் வருங்காலத் தலைவர் மொழிபெயர்த்தார்.

வெள்ளி தீரத் தீர ஊர் சுருங்கியது. வெள்ளி முடியும் இடத்தில் கனமான கறுப்புத் தாது ஒன்று வந்து தொழிலாளரை ஏமாற்றியது. அதற்கும் ஒரு தொகைச்சொல்: பெஹ்பிளெண்டே. பெஹ் என்றால் கீல். அந்தச் சொல்லுக்கே துரதிர்ஷ்டம் என்ற பொருளும் உண்டு. பிளெண்டே, கண்ணை ஏமாற்றுவது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தாதுவிலிருந்து கண்ணாடிக்கு நிறமேற்றும் யுரேனியச் சாயம் எடுத்தார்கள். எடுத்த பின் மிஞ்சிய சக்கையைக் காட்டில் கொட்டினார்கள். மேரி கியூரியும் பியேர் கியூரியும் வேண்டிக் கேட்டுப் பாரிஸுக்கு வண்டி வண்டியாக வரவழைத்த கழிவு அதுவே. 1898-இல் அவர்கள் அறிவித்த ரேடியத்தைக் கையில் பிடிக்கும் உப்பாகப் பிரித்தது அந்தச் சக்கையிலிருந்து. 1906-இல் கதிரியக்க நீரில் குளிக்கும் மருத்துவக் குளியலிடம் அதே ஊரில் திறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்துக்கு யுரேனியம் வேண்டியிருந்தது. அரசியல் கைதிகளை முகாம்களில் அடைத்து அங்கே தோண்ட வைத்தார்கள். காசின் புகழைப் பாடும் நூல்கள் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது. ஊரின் பெயரை ஆராயப் புறப்பட்டால் அந்த மண்ணுக்குள் இறங்கியவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1945-க்குப் பின் ஜெர்மன் பேசும் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். ஊருக்கு இப்போது வழங்குவது செக் பெயர்: யாஹிமோவ். யாஹிம் என்பது யோவாகிமின் செக் வடிவம். ஓவ் என்பது உடைமை காட்டும் விகுதி. ரஷ்யர்களைப் போலவே செக் மொழியும் தலையை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கை விட்டுவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊரில், பழைய அரச நாணயச்சாலை அருங்காட்சியகமாக நிற்கிறது. 2019-இல் அந்தச் சுரங்கப் பகுதியைச் செக் நாடும் ஜெர்மனியும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏற்றின. பட்டியலில் மலையின் பெயர் எர்ட்ஸ்கெபிர்கே என்று ஜெர்மனிலும் க்ருஷ்னோஹோரி என்று செக்கிலும், நடுவில் ஒரு சாய்கோட்டோடு, இரண்டு மொழியிலும் பதிவாகியிருக்கிறது.